முன்கூட்டியே நெய்த வெற்றி

தறிக்குழியில் உட்கார்ந்து நெய்கிறவனுக்குக் குத்துச்சண்டை என்ன கேடு என்று கேட்காதவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் யாருமில்லை. வேலாயுதம் காதில் போட்டுக்கொண்டால்தானே! முகூர்த்தப் புடவைகளை ஒப்படைக்க மதராசுக்குப் போனவன் அங்கே ஒரு சண்டையைப் பார்த்துவிட்டு வந்தான். அன்றோடு ஆள் கெட்டுப்போனான் என்பது அவன் மனைவி தையல்நாயகியின் கட்சி. பகலெல்லாம் நெசவு, வெயில் தாழ்ந்ததும் வேகவதி ஆற்று மணலில் ஓட்டம். "மூக்கு ஒடைஞ்சி வந்தீங்கன்னா கஞ்சி ஊத்தமாட்டேன், சொல்லிட்டேன்" என்பாள் அவள். மூக்கு உடையவில்லை. எதிராளி கை ஓங்குவதற்குள் இரண்டு குத்து விட்டு விலகிவிடுகிற கால் அவனுக்கு. பாயிண்ட் கணக்கில்தான் எப்போதும் ஜெயிப்பான்.

அறுபத்தொன்பதாம் வருஷம் காஞ்சிபுரத்திலேயே கொட்டகை போட்டு, டிக்கெட் வைத்து ஒரு பெரிய சண்டை நடந்தது. நடத்தியவர் வாலாஜாபாத் அரிசி மில் முதலாளி வரதராஜன். வேலாயுதத்துக்கு எதிராக இறங்கியவன் அவருடைய மில்லில் மூட்டை தூக்கும் கலியன். ஜெயிக்கிறவனுக்கு மதராசின் பெரிய மேடையில் இடம் என்று நோட்டீஸ் அடித்திருந்தார்கள். அந்த மேடைக்காகத்தான் வேலாயுதம் இத்தனை வருஷம் மணலில் ஓடினான்.

தீர்ப்புச் சொல்ல மூன்று பேர். ஒருவர் முதலாளியின் மச்சான். இன்னொருவர் அவருக்கு நெல் பிடித்துக் கொடுக்கிற தரகர். மூன்றாமவர் பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூவரில் அவர்தான் யோக்கியர் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள்.

கலியனின் குத்து விழுந்தால் இடி. ஆனால் விழவேண்டுமே! வேலாயுதம் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து அடித்தான். கடைசி ரவுண்டில் கலியன் கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான். மணி அடித்தது. மூன்று பேரும் தலையைச் சேர்த்துக் குசுகுசுத்தார்கள். மச்சான் எழுந்து, "பாயிண்ட் அடிப்படையில் கலியன் வெற்றி" என்றார்.

கொட்டகை கூச்சலில் அதிர்ந்தது. நடுவர் சொன்ன பிறகு பேச என்ன இருக்கிறது என்று வேலாயுதம் கீழே இறங்கத் திரும்பினான். அப்போதுதான் முதலாளி மேடையேறி, அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச் சால்வையை எடுத்து, நாலு பக்கமும் விரித்துக் காட்டிவிட்டுக் கலியனுக்குப் போர்த்தினார். சால்வையின் நடுவில் பெரிய ஜரிகை எழுத்தில் 'சாம்பியன் கலியன்' என்று நெய்திருந்தது.

காஞ்சிபுரத்தில் நெய்யச் சொன்னால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று ஆரணியில் கொடுத்து நெய்து வாங்கியிருந்தார் மனிதர். அவ்வளவு முன்யோசனை உள்ளவர், அதை நெசவாளிகள் நிறைந்த கொட்டகையில் விரித்துக் காட்டினாரே, அந்தத் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

வேலாயுதம் திரும்பி வந்து சால்வையின் நுனியைப் பிடித்தான்.

"மொதலாளி, இது எப்போ நெய்ஞ்சது?"

முதலாளி சால்வையைத் தன் பக்கம் இழுத்தார். வேலாயுதம் விடவில்லை.

"சண்டை இப்பத்தான் முடிஞ்சிது. ஜரிகையில பேரு எடுக்கணும்னா டிசைன் போட்டு, தறியில கட்டி, நெய்யறதுக்கு நாள் கணக்கா ஆவும். நான் மேடை ஏறதுக்கு முன்னாடியே தோத்துட்டனா?"

கொட்டகையில் அத்தனை பேரும் தறிக்காரர்கள். எழுந்த சிரிப்பில் நடுவர்களின் மேசையே ஆடிப்போயிற்று.

"ரெண்டு பேருக்கும் தனித்தனியா நெய்யச் சொல்லியிருந்தேன்பா. யாரு ஜெயிக்கிறானோ அவனுக்குப் போத்தலாம்னு" என்று முதலாளி சமாளித்தார்.

"ரொம்ப நல்லதுங்க. எம்பேரு போட்டதைக் கொண்டாரச் சொல்லுங்க. ஒரு தபா கண்ணால பாத்துட்டு எறங்கிடறேன்."

எங்கிருந்து கொண்டுவருவார்? வேலாயுதம் மேடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். போலீஸ் வந்துதான் இறக்கினார்கள். இவ்வளவு நடந்தும் தீர்ப்பு மட்டும் மாறவில்லை.

அடுத்த வாரம் முதலாளியே வீடு தேடி வந்தார். "ஊருக்கு முன்னாடி கலியன் கையைத் தூக்கி, அவன்தான் ஜெயிச்சான்னு ஒரு வார்த்தை சொல்லிடுப்பா. மதராசுக்கு உன்னையும் அனுப்பிவெக்கறேன்."

வேலாயுதம் தறியிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. "மாட்டேங்க" என்றான். அவர் போன பிறகு தையல்நாயகி, "இத்தோட வுட்டுடுங்களேன்" என்று கெஞ்சினாள்.

"வுட்டா அது நெசமாயிடும்" என்றான்.

கலியனுக்கும் நிம்மதி இல்லை. வாலாஜாபாத் சந்தையில் அவனைச் 'சால்வை சாம்பியன்' என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருநாள் அவன் வேலாயுதம் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"அண்ணே, அந்தச் சால்வை விவகாரம் எனக்குத் தெரியாது. நம்பினா நம்பு, நம்பாட்டி போ. இன்னொரு தபா அடிச்சிப் பாத்துடலாம்."

"ஜட்ஜு யாரு?"

"ஜட்ஜே வேணாம். எவன் விழுந்து எழுந்திருக்கலையோ அவன் தோத்தான்."

பாயிண்ட் இல்லாத சண்டை கலியனுக்குத்தான் லாபம் என்பது தையல்நாயகிக்கே தெரிந்தது. "எண்ணறவன் இல்லாத சண்டையில நீங்க எப்படி ஜெயிப்பீங்க?" என்றாள்.

"எண்ணறவன் இருந்து இன்னாத்த ஜெயிச்சேன்?" என்று சொல்லி ஒப்புக்கொண்டான்.

கோடையில் தாமல் ஏரி வறண்டு கிடந்தபோது அந்தத் தரையில் மோதினார்கள். டிக்கெட் இல்லை, மேசை இல்லை. சுற்றிலும் இரண்டு ஊர்ச் சனம். வேலாயுதம் அன்று போலவே ஆடினான். ஒன்றுக்குப் பத்தாக அடித்தான். கலியன் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு காத்திருந்து, ஒரே ஒரு குத்து விட்டான். வேலாயுதம் குப்புற விழுந்தான். கையை ஊன்றினான். முட்டி மடங்கிக்கொண்டது. மறுபடி ஊன்றினான். முடியவில்லை.

கலியன்தான் தூக்கி நிறுத்தினான். வேலாயுதம் வாயிலிருந்த மண்ணையும் ரத்தத்தையும் துப்பிவிட்டு, கலியனின் கையைப் பிடித்துத் தன் தலைக்கு மேலே உயர்த்தினான். பிள்ளையார்பாளையத்துக்காரர்கள் தலையைத் தொங்கப்போட்டார்கள். அவர்களைப் பார்த்து அவன் கத்தினான்:

"ஏன்பா குனியறீங்க? நல்லா பாருங்க. இன்னைக்கு நான் தோத்துட்டேன். தோக்கறதுன்னா இதுதான். அன்னைக்கு நான் தோக்கலை!"