குகன் அண்ணை வைத்துவிட்டுப் போன வேகம்

எங்கள் ஸ்ரூடியோவுக்கு வரும் அழைப்புகளில் பாதி, மரணம் நடந்த வீடுகளிலிருந்து வருபவை. இறுதிக் கிரியைகளை வெளிநாட்டிலுள்ள உறவுகளுக்கு நேரலையில் காட்டுவது எங்கள் தொழில். அறிவித்தலின் வாசகங்களையும் திரையில் வரும் பெயர்களையும் எழுதுவது என் வேலை. அன்று காலையும் பேனையைக் கையில் எடுத்துக்கொண்டுதான் தொலைபேசியை எடுத்தேன்.

"ஆர் மோசம் போனது, ஐயா?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"பிள்ளை, நான் புத்தூரிலை இருந்து கதைக்கிறன். குகன்ரை மாமா. உங்கடை குகன்தான், பிள்ளை. விடிய நெஞ்சு நோகுது எண்டவன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கதைச்சுக்கொண்டுதான் வந்தவன்."

முதல் நாள் மாலை, "நாளைக்கு வாறன் ரீச்சர், அந்தக் கலியாண வீடியோவை முடிச்சிடுவம்" என்று சொல்லிவிட்டுப் போனவர். எழுத்துப் பிழை பார்ப்பவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் ரீச்சர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. எத்தனையோ பேருக்கு எழுதிய 'காலமானார்' என்ற சொல்லை அவர் பெயருக்குப் பக்கத்தில் எழுத என்னால் முடியவில்லை. அன்றைய அறிவித்தலை முதலாளிதான் எழுதினார். அதில் இரண்டு பிழைகள் இருந்தன. நான் திருத்தவில்லை.

முப்பத்தோராம் நாள் நினைவாக வரும் இந்த அந்தியேட்டி மலரை வாசிக்கும் உங்களில் பலர் குகன் அண்ணையை உங்கள் வீட்டு முற்றத்தில் கண்டிருப்பீர்கள். பந்தலின் ஓரத்தில், மேசைக்குக் கீழே ஒரு பெரிய கணினிப் பெட்டியை வைத்து, அதற்குப் பக்கத்தில் முழங்காலில் இருப்பார். ஓட்டோவில் அதைக் கொண்டுவரும்போது பழைய போர்வையால் சுற்றி மடியில் வைத்துக்கொள்வார். "பிள்ளைக்குக் காத்துப் படப்போகுதோ?" என்று ஓட்டோக்காரர்கள் பகிடி பண்ணுவார்கள். "ஓம், இது சளிக்காரப் பிள்ளை" என்பார்.

அது பழைய இயந்திரம். பல கமெராக்களின் படங்களை ஒன்றாக்கி, சுருக்கி, அந்தக் கணமே இணையத்தில் அனுப்புவதற்கு அதன் புரொசெசருக்கு வேகம் போதாது. புதிது வாங்க வழியில்லை. ஆகவே குகன் அண்ணை அதை ஓவர்குளொக் செய்தார். தொழிற்சாலை நிர்ணயித்த வேகத்தைவிடக் கூடுதலான வேகத்தில் ஓட வைப்பதற்கு அதுதான் பெயர். சொல்ல எளிது. வேகத்தைக் கூட்டினால் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். அதைக் கொடுத்தால் சூடேறும். சூடேறினால் கணக்குப் பிழைக்கும். பிழைத்தால் திரை அப்படியே உறைந்துவிடும். ஒரு படி கூட்டி, கடுமையான வேலை கொடுத்து மணிக்கணக்கில் ஓட விட்டு, வெப்பத்தைப் பார்த்து, பிறகு இன்னொரு படி. பொறுமையில்லாதவர்களுக்கு உகந்த வேலையல்ல. குகன் அண்ணை பொறுமைசாலியும் அல்ல. ஆரம்பத்தில் அவருக்கு வேகத்தில்தான் மோகம். "பார் ரீச்சர், இந்தச் சாமானை இப்பிடி ஓட்டுறவன் யாழ்ப்பாணத்திலை ஆரும் இருக்கிறானோ?" என்று கேட்டு, நான் பதில் சொல்லும் முன்னரே "இல்லை" என்று தானே சொல்லிக்கொள்வார்.

அந்த மோகம் ஒரு சித்திரை மாதத்தில், நீர்வேலியில் முடிந்தது. ஒரு தாயின் இறுதிக் கிரியை. ஒரே மகன் வெளிநாட்டில். அதற்கு முன் நல்லூரில் எங்கள் ஸ்ரூடியோவின் குளிரூட்டிய அறையில் இயந்திரத்தை ஒரு பகல் முழுவதும் சோதித்திருந்தார். ஒரு பிழையும் வரவில்லை. நீர்வேலியில் தகரப் பந்தல், உச்சி வெயில். வாய்க்கரிசி போடத் தொடங்கியபோது படம் நின்றது. அவர் அணைத்துப் போட்டு, திரும்பவும் எல்லாவற்றையும் இணைத்து முடித்தபோது சவப்பெட்டி வாசல் படலையைக் கடந்திருந்தது.

அன்று மாலை அந்த மகனுக்கு அவரே தொலைபேசி எடுத்தார். முதலாளி வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"அண்ணை, பிழை இணையத்திலை இல்லை. என்ரை மிஷினிலைதான். நான்தான் கூட்டி வைச்சனான்."

அந்த மகன் கோபப்படவில்லை. "படம் நிண்டது ஆரோ ஒராளின்ரை முதுகிலை, தம்பி. அம்மாவின்ரை முகத்திலை எண்டாலும் நிண்டிருக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

குகன் அண்ணை அதற்குப் பிறகு தன் வேகத்தைப் பற்றிப் பெருமை பேசி நான் கேட்கவில்லை. "ஏசி அறையிலை பாஸ் பண்ணின பிள்ளையைக் கொண்டுபோய் வெயிலிலை ஓட விட்டிட்டன்" என்றார். அடுத்த வாரம் கணினியைப் புத்தூரில் தன் வீட்டு வெங்காயக் கொட்டிலுக்குக் கொண்டுபோனார். தகரக் கூரை, காற்றில்லை. உதவிக்கு என்னையும் கூட்டிப்போனார். காய்ந்துபோன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிது பூசி, பெரிய விசிறியொன்று பூட்டி, சரியாக மதியத்தில் சோதனையைத் தொடங்கினார். வெங்காய மணத்தில் என் கண்கள் எரிந்தன. கனடாவிலிருக்கும் அவருடைய வதனா அக்கா, அங்கே நடுச்சாமமாக இருந்தும், தொலைபேசித் திரையில் எங்களோடு இருந்தார்.

"வெக்கையிலை நீ முதல் விழப்போறாய். அந்தப் பிள்ளையையும் ஏன்ரா வாட்டுறாய்?"

"பொறு அக்கா, சூடு தொண்ணூறைத் தாண்டுதோ எண்டு பாப்பம்."

தேசிக்காய்த் தண்ணியோடு வந்த அவருடைய அம்மா எட்டிப் பார்த்தார். "என்னடா, உதுக்கும் காய்ச்சலோ?"

"ஓமம்மா. மருந்து குடுத்துக்கொண்டிருக்கிறன்."

அந்தக் கொட்டிலில் எந்த வேகத்தில் அது உறைகிறது என்று கண்டுபிடித்தார். அதிலிருந்து ஒரு படி இறங்கினார், உறையவில்லை. வேலை முடிந்ததென்று நான் எழும்பினேன். அவர் இன்னொரு படியும் இறக்கினார். பிறகு அந்த அமைப்பைச் சேமித்து, அதற்குப் பெயராகச் 'செத்தவீடு' என்று தட்டினார். பழைய வேகத்தை அழிக்காமல் 'கலியாணம்' என்ற பெயரில் வைத்துக்கொண்டார். திருமண வீடியோக்களை அறையிலிருந்து தொகுக்கும்போது அதைப் போடுவார்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. "ஓடக்கூடிய மிஷினை ஏன்ரா இழுத்துப் பிடிக்கிறாய்? படம் மங்கலாத் தெரியுதாம் எண்டு சனம் சொல்லுது."

"அண்ணை, கலியாணம் இடையிலை நிண்டால் திரும்ப ஓட விடலாம். செத்தவீட்டைத் திரும்ப ஓட விடேலாது."

இன்னொரு பழக்கமும் அவருக்கு அந்த நாட்களில்தான் வந்தது. கிரியைகள் முடிந்து எல்லோரும் போன பின்னும் நேரலையை நிறுத்த மாட்டார். திரையின் மூலையில் பார்ப்பவர்களின் தொகை தெரியும். அது பூச்சியமாகும் வரை வெறும் முற்றத்தைக் காட்டிக்கொண்டு காத்திருப்பார். பசியில் நான் முணுமுணுத்தால், "ஆரோ ஒராள் இன்னும் நிக்கிறார், ரீச்சர். நாங்கள் முதல் எழும்பிப் போறது மரியாதை இல்லை" என்பார். என் வீட்டார் வேதக்காரர், கிறிஸ்தவர்கள். எங்கள் சேமக்காலையில், புதைத்து முடித்த பின்னும், கடைசி ஆள் போகும்வரை கோயில் மூப்பர் நிற்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். குகன் அண்ணை அதை ஒருபோதும் பார்த்ததில்லை.

அவருடைய நாள் வந்தது. வதனா அக்காவால் வர முடியாது. அவருடைய வதிவிட விண்ணப்பம் இன்னும் முடிவாகவில்லை. வெளியேறினால் திரும்பிப் போக முடியாது. காலையில் எனக்கு எடுத்தார். அழுது முடித்த குரல்.

"தங்கச்சி, நிக்காமல் காட்டுவியோ?"

"காட்டுறன், அக்கா."

பந்தலில் கணினியைப் பூட்டும்போது முதலாளி பக்கத்தில் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. "எல்லாக் கமெராவையும் போடு, பிள்ளை. கலியாணத்திலை ஓட விடு. அவன்ரை படம் கண்ணாடி மாதிரி இருக்க வேணும். அவனுக்கு நாங்கள் குறைவாச் செய்யக்கூடாது."

அதுவும் அன்புதான். வெயில் தகரத்தைச் சுடத் தொடங்கிவிட்டிருந்தது. அமைப்புத் திரையில் இரண்டு பெயர்களும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. "அவரின்ரை கையாலை வைச்சது, அண்ணை" என்று சொல்லி 'செத்தவீடு' என்பதைத் தெரிவுசெய்தேன். முதலாளி ஒரு கமெராவைத் தானே கழற்றினார்.

திருப்பொற்சுண்ணம் பாடிச் சுண்ணம் இடித்தார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, வெப்பத்தைக் காட்டும் இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, அவர் விட்டுவைத்த இடைவெளிக்குள் நின்றது. கமெராவை மட்டும் அவருடைய முகத்திலிருந்து எடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கியபோது பெண்கள் படலைவரை போய் நின்றோம். அதற்கு அப்பால் சைவர்களின் வழக்கத்தில் பெண்கள் போவதில்லை. கமெராவும் அங்கேயே நின்றது. வதனா அக்காவும் எங்களோடு படலையில் நின்றார் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

வீடு கழுவினார்கள். கதிரைகளை அடுக்கினார்கள். திரையின் மூலையில் தொகை குறைந்துகொண்டே வந்து, ஒன்றில் நின்றது. சுடலையிலிருந்து திரும்பிய முதலாளி குளித்து, ஈர வேட்டியோடு மேசைக்கு வந்தார். நிறுத்தச் சொல்லத்தான் வந்திருப்பார். அந்த ஒன்றைப் பார்த்தார். ஒரு கதிரையை இழுத்து எனக்குப் பக்கத்தில் இருந்தார். கழுவிய முற்றம் காய்ந்தது. படலைக்கு வெளியே ஒரு சைக்கிள் போனது. வெயில் சாய்ந்த பிறகு அந்த ஒன்றும் பூச்சியமானது. அதன் பின்னரே இயந்திரத்தை அணைத்தேன்.

போர்வையால் சுற்றித் தூக்கும்போது அவருடைய அம்மா என் கையைப் பிடித்தார். வெங்காயக் கொட்டிலின் பூட்டுத் திறப்பை உள்ளங்கையில் வைத்தார்.

"உதுக்குக் காய்ச்சல் பாக்க வேணுமெண்டால் இஞ்சை கொண்டு வா, பிள்ளை. அவன் இல்லையெண்டு வராமல் விட்டிடாதை."

குகன் அண்ணையிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தத் திறப்பு. என்றாவது எங்களுக்குப் புதிய கணினி வரும். அதையும் ஒரு மதியம் மடியில் வைத்துப் புத்தூருக்குக் கொண்டுபோவேன். அது எவ்வளவு ஓடும் என்று பார்த்துவிட்டு, இரண்டு படி இறங்குவேன்.