மறைவுக்கு விட்ட இடம்

என் மனுசன் பிரதீபன் படம் கீறுகிறவர். திருகோணமலையில் ஆராவது செத்தால்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரியும் என்று எங்கள் ஊரான பாலையூற்றில் பகிடி பண்ணுவார்கள். பொய்யில்லை. செத்தவரின் அடையாள அட்டைப் படத்தைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். இவர் அதைப் பார்த்துப் பென்சிலால் பெரிதாகக் கீறி, கறுப்புச் சட்டம் போட்டுக் கொடுப்பார். முப்பத்தோராம் நாள் நினைவில் அதற்கு மாலை போடுவார்கள்.

அப்படிப்பட்டவருக்கு இந்த வருசம் ஓர் ஆசை பிடித்தது. துறைமுகப் பக்கம் பாடுபடுகிற ஆட்களை, உயிரோடு இருக்கிறவர்களை, கீறி மீன் ஏலக் கொட்டிலில் மாட்ட வேண்டுமாம். கொழும்பில் கலைஞர்களுக்கு நிதி கொடுக்கிற ஒரு நிறுவனத்துக்கு விண்ணப்பமும் எழுதினார். எல்லாம் சரி, கடற்றொழிலாளர் சங்கத்தின் ஆதரவுக் கடிதமும் சேர்த்து அனுப்ப வேண்டும். அதைக் கேட்கத்தான் இவருக்கு வாய் வரவில்லை. இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். "அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், போய்க் கேளுங்கோவன்" என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். கடைசி நாள் வரை இழுத்தார்.

அன்று காலை சங்கத் தலைவர் இக்னேசியஸ் அண்ணையின் வீட்டுக்கு நானும் கூடப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாதென்று இவர் அண்ணையின் படத்தைக் கீறிப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். எனக்குக்கூடக் காட்டவில்லை.

அண்ணையின் மனைவி மாகிரட் அக்காதான் பேப்பரைப் பிரித்தார். "யேசுவே!" என்று நெஞ்சில் கைவைத்தார். எட்டிப் பார்த்தேன். கறுப்புச் சட்டம். முகத்துக்குக் கீழே பெயர். பெயருக்குக் கீழே ஒரு பக்கம் 'தோற்றம்', மறுபக்கம் 'மறைவு'. இரண்டுக்கும் நேரே திகதி போட இடம் விட்டிருந்தார். கைப்பழக்கம்! பாழாய்ப்போன கைப்பழக்கம்! நிலம் பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

"உயிரோட கதிரையில இருக்கிற மனுசனுக்கு நாள் குறிக்க வந்தனீங்களோ? கடிதமும் ஏலாது, ஒண்டும் ஏலாது. கொண்டு போங்கோ!"

"விடுமப்பா" என்று அண்ணை சிரிக்கப் பார்த்தார். அக்கா திரும்பிப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார். எந்தக் காற்றுக்கும் அஞ்சாமல் கடலுக்குப் போகிற மனுசன் அவர்.

இவரோ மரம்போல நிற்கிறார். பின்னேரம் ஐந்து மணிக்குள் விண்ணப்பமும் கடிதமும் மின்னஞ்சலில் கொழும்புக்குப் போய்ச் சேர வேண்டும். எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"அக்கா, செத்த ஆக்களையே கீறிக் கீறி இந்த மனுசன் இப்பிடி ஆகிப்போனார். உயிரோட இருக்கிற ஆக்களைக் கீறத்தான் இந்தக் கடிதத்துக்கு வந்து நிக்கிறார். நீங்களும் துரத்தினா, சாகுமட்டும் மறைவு, மறைவெண்டே எழுதிக்கொண்டிருப்பார்."

அக்கா சுவரைப் பார்த்தார். அங்கே அவருடைய தம்பியின் படம், காய்ந்த மாலையோடு. முந்தி இவர் கீறிக் கொடுத்ததுதான்.

"மூக்கும் கண்ணும் அவன்தான், குறை சொல்லேலாது" என்றார் மெதுவாக. "ஆனா என்ர தம்பி வாய் மூடி இருந்த நாளில்ல. எந்நேரமும் சிரிப்பு. இந்தப் படத்தில வேற ஆரோ போல இருக்கிறான்."

"அடையாள அட்டையில அப்பிடித்தான் அக்கா இருந்தது" என்றார் இவர். "நான் அவரை ஒருநாளும் கண்டதில்லை."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். இனி வரமாட்டார் என்றே நினைத்தேன். சங்கத்தின் முத்திரையைக் கொண்டுவந்து அண்ணையின் முன்னால் வைத்தார்.

"எழுதிக் குடுங்கோப்பா. ஆனா பிரதீபன் தம்பி, முதல்ல என்ர மனுசனைக் கீற வேணும். இஞ்ச வந்திருந்து, இவர் கதைக்கேக்க கீற வேணும். இந்தப் படத்தை நான் அடுப்பில வைக்கிறன்."

கடிதம் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மறுமொழிதான் இன்னும் வரவில்லை. இவர் போனை எடுத்துப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் நானும் எட்டிப் பார்க்கிறேன். நேற்றும் குசினியில் சமைத்துக்கொண்டு நின்று, "நேரத்தோட கேட்டிருந்தா இவ்வளவு அந்தரப்பட வேண்டி வந்திருக்குமோ?" என்று ஏசிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், வாசலில் கதிரையைப் போட்டுக்கொண்டு என் முகத்தைக் கீறுகிறார்.

"நிப்பாட்டாதையும்" என்றார். "ஏசும்."