அண்ணாவின் கில்ட்டுக்கு ஒரு பொக்கற்

ஈரக் கம்பளியில் சூடான இஸ்திரிப்பெட்டி பட்டால் ஒரு மணம் எழும், நனைந்த ஆடு வெயிலில் காய்கிற மாதிரி. போன கிழமை மெல்பேர்ண் மல்கிரேவில் அண்ணா வீட்டுக் கதவைத் திறந்ததும் அந்த மணம் வந்து முகத்தில் மோதியது. பாண்டுக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக, அண்ணாவின் கில்ட்டை, ஸ்கொட்லாந்து ஆண்கள் உடுக்கிற அந்தக் கட்டம்போட்ட கம்பளிப் பாவாடையை, அண்ணி மடிப்பு மடிப்பாகத் தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போனேன், வெளியே வந்தேன், திரும்பவும் உள்ளே போனேன். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

“இந்தப் பொக்கற்றைப் பிரிச்சு விடட்டே?” என்று அண்ணி கேட்டார்.

“வேண்டாம் அண்ணி, இருக்கட்டும்” என்றேன்.

அந்தப் பொக்கற்றின் கதையைத்தான் அண்ணாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

அண்ணா பருத்தித்துறையில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். ஐயா காலமானதும் படிப்பை நிறுத்தி எங்களைப் படிப்பித்தார். போர் துரத்த, மெல்பேர்ணுக்கு வந்து மீன் பொதி செய்யும் குளிர் அறையில் விரல் விறைக்க வேலை செய்தார். பிறகு பஸ் ஓட்டினார். தம்பிமாரும் நானும் இந்த நாட்டில் கால் வைத்தது அண்ணா போட்ட கையெழுத்துகளால்தான். தனக்கென்று அவர் ஆசைப்பட்டதை நான் ஒருமுறைதான் கண்டேன். அதுதான் மேளம். பஸ் டிப்போவில் கூட வேலை செய்த இயன் என்கிற ஸ்கொட்லாந்துக்காரர் அவரைத் தங்கள் பைப் பாண்டுக்கு, தோல் பை வைத்த குழல் ஊதி மேளம் அடித்து ஊர்வலம் போகும் குழுவுக்கு, கூட்டிப்போனார். ஐம்பது வயது தாண்டிய அண்ணா குச்சியைப் பிடித்தார், கில்ட்டையும் உடுத்தார்.

அடுத்த வருடமே நெஞ்சுவலி வந்தது. நாக்குக்கு அடியில் அடிக்கிற மருந்து ஸ்பிரே ஒன்றைக் கொடுத்த டொக்டர், அது எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கில்ட்டில் பொக்கற் கிடையாது. முன்னால் சங்கிலியில் தொங்கும் ஸ்போரன் என்கிற தோல் பைதான் அவர்களுக்குப் பொக்கற். ஆனால் மேளத்தை மாட்டியதும் அந்தப் பை மேளத்துக்கு அடியில் மறைந்துவிடும், கை நுழையாது. அண்ணா என்ன செய்தார் தெரியுமா? வாழ்நாள் முழுக்கச் சாரம் உடுத்த பழக்கத்தில், ஸ்பிரேயை இடுப்பில் வைத்துச் சுருட்டிச் செருகிக்கொண்டார். சாரம் பிடித்துக்கொள்ளும். கில்ட் பிடிக்குமா? கிளேட்டன் தெருவில் ஊர்வலம் போகையில் ஸ்பிரே நழுவி விழுந்தது. பின்னால் வந்தவரின் சப்பாத்து தட்ட, அது உருண்டு வடிகாலுக்குள் போய்விட்டது. அண்ணி நடைபாதையில் தலையில் கைவைத்து நிற்க, அண்ணா மேள அடியை நிறுத்தவில்லை.

செய்தி கேட்டு, சிட்னியில் நான் இருக்கும் டூங்கபியிலிருந்து போன் எடுத்தேன்.

“ஒரு பொக்கற் தைச்சா என்ன, அண்ணா?”

“பொக்கற் வைச்சா அது கில்ட் இல்லையடி.”

“உயிரைவிட உடுப்பு பெரிசோ?”

“உனக்கு விளங்காது. வை போனை.”

இரண்டு மாதம் பேச்சில்லை. என் வாய் அப்படி. பொறுக்க முடியாமல் ஒரு சனிக்கிழமை ஊசியும் கரும்பச்சை நூலுமாகப் போய் இறங்கினேன். அண்ணா கராஜில் குச்சிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“வந்திட்டாவோ தையற்காரி!” என்றவர், தலை நிமிராமலே சொன்னார்: “தங்கச்சி, இந்த நாட்டில நான் எங்க போய் நிண்டாலும் ஒருத்தராவது திரும்பிப் பாப்பினம். இந்த உடுப்போட வரிசையில நிக்கேக்க ஒருத்தரும் பாக்கிறேல்லை. எல்லாரும் ஒரே மாதிரி. அதிலயும் என்னை வேறயாக்கப் போறியே?”

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னேன்: “நீங்கள் விழுந்தா வரிசையில ஒரு இடம் வெறுமையாக் கிடக்கும், அண்ணா. அப்ப எல்லாரும் பாப்பினம்.”

அவர் குச்சிகளைக் கீழே வைத்தார். “வெளியில தெரியாமத் தைப்பியோ?”

வலது இடுப்பு மடிப்புக்கு உள்ளே, இரண்டு விரல் நுழையும் அளவில் தைத்தேன். ஸ்போரன் முன்னால் தன் இடத்திலேயே தொங்கியது, உள்ளே ஒரு டொபி மிட்டாயோடு. ஒரு நாள் ஊர்வலத்தின் நடுவில் நெஞ்சு இறுக, அண்ணாவின் வலது கை அந்த மடிப்புக்குள் போய் வந்ததாம். இடது கை தாளத்தை விடவேயில்லையாம். அதற்குப் பிறகு மூன்று வருடம் எங்களோடு இருந்தார். கடைசியில் நெஞ்சு தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது, சிறுநீரகங்கள்தான் கைவிட்டன.

அந்த நாட்களில் அண்ணாவைத் தூக்கி இருத்திய தாதியருக்கும், விடுப்பெடுத்துக் காவலிருந்த டிப்போ நண்பர்களுக்கும், எங்களுக்குச் சமைக்க மனம் வராத நாட்களில் வாசலில் சாப்பாடு வைத்துவிட்டுப் போன அன்ரிமாருக்கும், வேட்டியில் கிடந்த அண்ணாவைப் பைப் ஊதி வழியனுப்பிய பாண்டுக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது.

நான் அண்ணாவைக் கடைசியாகப் பார்த்தது ஒரு பின்னேரம். சிட்னி விமானத்துக்கு நேரமாகிவிட்டது. கட்டில் விளிம்பிலிருந்து எழுந்து நின்றேன். அண்ணா பக்கத்தில் வரச்சொல்லிச் சைகை காட்டி, இரகசியம் போலச் சொன்னார்:

“அடுத்த முறை வரேக்க அந்த நூலையும் கொண்டு வா. இயனுக்கும் உள்ளுக்க ஒரு பொக்கற் வேணுமாம். பாண்டில இன்னும் ரெண்டு பேர் கேக்க வெக்கப்பட்டுக்கொண்டு நிக்கினம்.”