மணமகள் ரூமுல கண் ஆபரேஷன்

கண் முகாமுக்கு நான் பேரு குடுத்தது சேவை பண்ணணும்னு எல்லாம் இல்ல. காலேஜுல கிளாஸ் கட் அடிக்கலாம், மத்தியானம் பொட்டலத்துல சோறு குடுப்பாங்க, அவ்ளோதான். திண்டிவனத்துல ஒரு ஸ்கூல் கிரவுண்டு. சுத்துப்பட்டு ஊருங்கள்ல இருந்து வயசானவங்க காலைலயே வந்து குந்திக்கினு இருப்பாங்க. டாக்டரு டார்ச் அடிச்சிப் பாப்பாரு. புரை முத்தியிருந்தா விழுப்புரத்துக்கு பஸ்ஸுல அனுப்பணும், அன்னைக்கே அங்க ஃப்ரீயா ஆபரேஷன். என் வேலை ரொம்ப சிம்பிள். டாக்டரு "ரைட்டு", "லெஃப்டு"ன்னு கத்துவாரு. அதை சீட்டுல எழுதி, அந்தக் கண்ணு மேல பஞ்சு வச்சி பிளாஸ்திரி ஒட்டணும். விழுப்புரத்துல அதைப் பாத்துதான் கண்ணுல கை வப்பாங்க.

எல்லாரையும் பெஞ்சுல குந்த வச்சி, அவங்க முதுகுப் பக்கமா நின்னுக்கினு ஒட்டினேன், ஒண்ணும் பிரச்சினை இல்ல. கடைசி ஆளு வரசொல்ல பெஞ்சைத் தூக்கிட்டாங்க. வெளியில டிரைவர் ஹாரனை விடாம அடிக்கிறான். அவரை ஒரு ஸ்டூல்ல குந்த வச்சி, நான் எதுத்தாப்புல நின்னேன்.

பெருமுக்கல் பக்கத்து ஊரு தாத்தா அவரு. பொண்டாட்டி செத்துட்டாங்க, புள்ளைங்க இல்ல. கூலிக்கு மல்லாட்டை உடைச்சி கடலை உரிச்சிக்கினு, தானே கேப்பைக் களி கிண்டித் துன்னுக்கினு இருக்காரு. ஒரு கண்ணு சுத்தமா அவுட்டு. இன்னொண்ணு சுமாரா தெரியும். அந்த சுமாரை வச்சிதான் மனுசன் பொழப்பே ஓடுது.

டாக்டரு "ரைட்டு"ன்னாரு. சீட்டுல எழுதினேன். என் சோத்தாங்கைப் பக்கமா இருந்த கண்ணுல டபக்குனு ஒட்டினேன்.

"தம்பி, இது இல்லப்பா. இது தெரியிற கண்ணு."

"டாக்டரே சொல்லிட்டாரு தாத்தா. ஜல்தி எழுந்திரு, பஸ்ஸு போய்டும்."

"இல்ல தம்பி, நான் இன்னா சொல்றேன்னா..."

"படிச்சவங்களுக்குத் தெரியாதா? எழுந்திரு, எழுந்திரு."

லிஸ்ட்டு சரி பாக்குற பொண்ணு எங்க கிளாஸுதான். சீட்டைப் பாத்துட்டு, "இன்னா, சீட்டுல ரைட்டுன்னு இருக்குது, இவருக்கு லெஃப்டுல ஒட்டியிருக்குதே?"ன்னு கேட்டா. ஒரு பொண்ணு தப்பு கண்டுபிடிச்சா நமக்கு ஏறாதே. "கண்ணுல கரெக்டாதான் ஒட்டினேன், சீட்டுலதான் மாத்தி எழுதிட்டேன்"னு சொல்லி, அவ பேனாவையே புடுங்கி, ரைட்டை அடிச்சிட்டு லெஃப்டுன்னு எழுதிக் குடுத்தேன். இதை நெனச்சா இப்பவும் என்னை நானே அறைஞ்சிக்கலாம் போல இருக்குது.

பஸ்ஸுல ஏறசொல்ல தாத்தா கம்பியைப் புடிக்கத் தெரியாம காத்துல துழாவினாரு. "பாத்து ஏறு பெருசு"ன்னு கத்தினேன். பஸ்ஸு போச்சு.

டீக்கடையில பாதி கிளாஸு குடிக்கசொல்லதான் மண்டையில ஏறிச்சு. இந்த ஆளு காலைல கூட்டத்துல யாரையும் புடிக்காம தானா நடந்து வந்தாரே? இப்ப ஏன் தடவுறாரு? என் எதுர்ல நின்ன ஃபிரெண்டு மூஞ்சியப் பாத்தேன். அவனோட ரைட்டு கண்ணு எந்தப் பக்கம் இருக்குது? என் பீச்சாங்கைப் பக்கம்.

போஸ்டாபீஸுக்கு ஓடி விழுப்புரத்துக்கு டிரங்க் கால் போட்டா, மணி அடிக்குது, எடுக்க ஆளில்ல. பஸ் ஸ்டாண்டுல விழுப்புரம் பஸ்ஸு அப்பதான் போயிருக்குது. நிக்க முடியல. ரோட்டுல போன ஒரு லாரியைக் கை காட்டி ஏறிட்டேன். அந்த டிரைவர் விக்கிரவாண்டியில வண்டியை ஓரங்கட்டிட்டு சாப்பாட்டுக்கு எறங்கிட்டாரு.

"அண்ணே, அவசரம்ணே."

"எனக்கும் அவசரம்தான், பசி. வா, நீயும் துன்னு."

அவரு ரசத்துக்கு ரெண்டாவது வாட்டி சோறு கேக்குறாரு, நான் லாரியைச் சுத்தி சுத்தி வர்றேன். செம பேஜாரு. மயிலத்துல இருந்து வந்த டவுன் பஸ்ஸு ஒண்ணு நின்னுது, ஃபுட்போர்டுல தொத்திக்கினேன்.

விழுப்புரத்துல ஆபரேஷன் முகாம் நடந்தது ஒரு கல்யாண மண்டபத்துல. மணமகள் ரூமுதான் ஆபரேஷன் தியேட்டரு. வாசல்ல வரிசையா பாய்ல குந்த வச்சிருந்தாங்க. தாத்தா வரிசையில ரெண்டாவது. பிளாஸ்திரியைப் பிச்சி, அந்த நல்ல கண்ணோட இமை முடியைக் கத்தரியால வெட்டி முடிச்சிருந்தாங்க.

"சிஸ்டர், இவருக்கு அந்தக் கண்ணு இல்ல, இந்தக் கண்ணு!"

"யாருப்பா நீ? சீட்டுல லெஃப்டுன்னு போட்டிருக்குது."

"சீட்டும் தப்பு, பிளாஸ்திரியும் தப்பு."

"எந்த மடையன் எழுதினான்?"

தெரியலன்னு சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. "நான்தான் சிஸ்டர்."

ஆபரேஷன் பண்ற டாக்டரு வெளியில வந்து ரெண்டு கண்ணுலயும் டார்ச் அடிச்சாரு. என்னை ஒண்ணும் திட்டல. "சோத்தாங்கைப் பக்கம், மாத்து"ன்னு சிஸ்டர்கிட்ட சொல்லிட்டு உள்ள போய்ட்டாரு. திட்டியிருந்தா கூட பரவால்ல.

நான் அப்பாடான்னு மூச்சு வுடசொல்ல தாத்தா எழுந்து துண்டை ஒதறித் தோள்ல போட்டாரு.

"நான் ஊருக்குப் போறேன். காலைல ஒருத்தன் இதும்பான், மத்தியானம் அதும்பான். இருக்கிற ஒண்ணும் பூட்டா எனக்கு எவன் களி கிண்டிப் போடுவான்? நீ வருவியா?"

"தாத்தா, சாரி தாத்தா. தப்பு என்னுதுதான்."

"நான் சொல்லசொல்ல கேட்டியா? படிச்சவன்னு சொன்னியே?"

கால்ல விழாத குறை. மொறைச்சிட்டு மறுபடி குந்தினாரு. ஆனா ஆள்காட்டி வெரலை எடுத்து, புரை விழுந்த கண்ணுக்கு நேரா நீட்டி வச்சிக்கினாரு. "இதை எடுக்கமாட்டேன். இங்கதான் வப்பேன். எவன் மாத்துறான்னு பாக்குறேன்."

பின்னாடி இருந்தவங்க எல்லாத்தையும் கேட்டுக்கினுதான் இருந்தாங்க. அவருக்கு அடுத்து குந்தியிருந்த ஆயா வெரலைத் தூக்கித் தன் கண்ணுகிட்ட வச்சாங்க. அதுக்கு அடுத்தவரு. அப்புறம் வரிசை மொத்தமும். சிஸ்டர் தலையில அடிச்சிக்கினு, "கைய எறக்குங்க, அழுக்கு!"ன்னு கத்துறாங்க, ஒருத்தரும் எறக்கல. "நீ பண்ண வேலை, நீயே எல்லார் கையையும் கழுவி வுடு"ன்னு என்கிட்ட சோப்பையும் சொம்பையும் குடுத்துட்டாங்க. ஒவ்வொரு கையா கழுவினேன். கழுவின கை நேரா கண்ணுக்கே போச்சு.

தாத்தா முறை வந்துச்சு. கொஞ்ச நேரத்துல உள்ள இருந்து டாக்டரு சத்தம்: "அந்தக் காலேஜ் பையனைக் கூப்புடு. இவரு வெரலை எடுக்க மாட்டேன்றாரு."

செருப்பை விட்டுட்டு ஓடினேன். தாத்தா டேபிள்ல மல்லாந்து படுத்துக்கினு, வெரலு அதே எடத்துல. நான் தலைமாட்டுல போய் நின்னேன்.

"எந்தக் கண்ணு? சொல்லு."

"சோத்தாங்கைப் பக்கம், தாத்தா."

"யாரு சோத்தாங்கை?"

"உன்னுது."

வெரலை எடுத்தாரு.