குத்துப்போணியில் சேராத செல்போன்

வைகாசி மாதத்து வியாழக்கிழமை, விடியற்காலை நான்கு மணி வாக்கில் திருநெல்வேலி சந்திப்பில் இறங்கினேன். முந்தைய நாள் மாலை கோயம்புத்தூரில் ரயில் ஏறியபோது என் பையில் இரண்டு வேட்டி, ஒரு துண்டு, ரத்த அழுத்த மாத்திரை, ஒரு செல்போன் இருந்தன. இந்தப் பயணத்தில் நான் செய்த தவறு அந்தச் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு செய்தது. அதை மறைத்து ஆற்றையும் வாழைத் தோப்பையும் மட்டும் எழுதலாம் என்று முதலில் நினைத்தேன். எழுத வரவில்லை.

போனது எனக்காக அல்ல. என் நண்பர் சுடலைமுத்துவுக்காக. ஒரே கல்லூரியில் அவர் கணக்குப் பேராசிரியர், நான் வேதியியல். ஓய்வு பெற்ற பிறகு அவர் மகன் கணேசனோடு கோவையிலேயே தங்கிவிட்டார். நான்கு மாதமாகப் படுக்கை. “ஊருல எங்க குடும்பக் கோயில்ல கொடைத் திருவிழா. மூத்தவன் நான் நிக்கணும். முடியல. எனக்குப் பதிலா நீ போய்ப் பாத்துட்டு வா” என்றார். இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, வெள்ளிக்கிழமை மதியக் கொடையின்போது போன் போட்டு மேளச் சத்தத்தைக் கேட்க வைக்க வேண்டும். அடுத்ததை மருமகள் அறையை விட்டுப் போன பிறகு சொன்னார்.

“பேச்சி உங்கிட்ட என்னப் பத்தி ஒரு வார்த்தை கேட்டாலும் ஒடனே எனக்குச் சொல்லு. தூங்கிட்டு இருந்தாலும் எழுப்பிச் சொல்லு.”

பேச்சியம்மாள் அவருடைய ஒரே தங்கை. ஒன்பது வருடத்துக்கு முன் அவள் கணவர் இறந்தபோது இவர் விடைத்தாள் திருத்தும் முகாமை விட்டு வராமல், எல்லாம் முடிந்த பிறகு போய் நின்றார். அவள் வாசலிலேயே, “இப்ப யாரப் பாக்க வந்திய?” என்று கேட்டுவிட்டு உள்ளே போனாள். அன்றோடு பேச்சு நின்றது.

புதிய பேருந்து நிலையத்தில் பாபநாசம் பேருந்தில் ஏறினேன். “கல்லிடைக்குறிச்சி ஒன்று” என்று நாற்பது ரூபாயை நீட்டினேன்.

அப்பளத்துக்குப் பேர்போன ஊர். நடத்துநர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எதுக்கு அண்ணாச்சி, அப்பளம் வாங்கவா? நீங்களே அப்பளம் மாதிரிதான் இருக்கீய. சன்னல் பக்கம் உக்காராதீய, பறந்துருவீய.”

பேட்டை, பத்தமடை, சேரன்மகாதேவி, வீரவநல்லூர். ஏழு மணிக்கே வெயில் சுள்ளென்று இருந்தது. ஆனால் சாலைக்கு இருபுறமும் வாழையும் வாய்க்காலுமாகப் பச்சை விடவே இல்லை. கல்லிடைக்குறிச்சியில் இறங்கி ஆட்டோவில் நான்கு கிலோமீட்டர், நூற்றிருபது ரூபாய். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் விடுகிறேன். தாமிரபரணிக் கரையில் ஒரே தெரு.

கோவையில் நானும் என் மனைவியும் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் அழைப்புமணி அடித்தாலே நாங்கள் திடுக்கிடுவோம். இங்கே வாசலில் கால் வைத்தபோது எனக்கு உண்மையிலேயே அதிர்ச்சி. வரிசையாக நான்கு வீடு, நான்கு தம்பிமார், பின்பக்கம் எல்லாருக்கும் ஒரே முற்றம். சூரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் விடுமுறைக்கு வந்த மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். ஒரு கட்டிலில் ஐந்து பிள்ளைகள் குறுக்காகப் படுத்துத் தூங்கினார்கள். மொட்டை மாடியில் வடகம் காய்ந்தது. அதைக் காக்க வைத்த பெண்பிள்ளையே அதைத் தின்றுகொண்டிருந்தாள். கீழேயிருந்து ஒரு குரல், “ஏட்டி, காக்கா தின்னாக்கூட கொஞ்சம் மிச்சம் வைக்கும்ட்டீ!”

இரண்டாவது தம்பி மாசானம் என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். அறுபது வயது, விவசாயி. சுடலைமாடசாமி இறங்குவது அவர் மேல்தான். அதற்காக ஒரு வாரமாக ஒரு வேளைச் சோறு, பாயில்லாத தரை.

“அண்ணன் எப்பிடி இருக்கான்?”

“அப்படியே இருக்கார். உங்களை எல்லாம் நினைச்சுக்கிட்டே இருக்கார்.”

“வராம போயிட்டானே” என்றார்.

சாமி அறையில் ஒரு பெரிய பித்தளைப் பாத்திரம் இருந்தது. குத்துப்போணி என்கிறார்கள், கல்யாண வீட்டில் தண்ணீர் நிரப்பி வைப்பது. எட்டிப் பார்த்தேன். உள்ளே முழுக்கச் செல்போன்கள், எல்லாம் அணைத்து வைத்தவை. நான் விழித்ததைப் பார்த்து மாசானம் விளக்கினார். கோயிலில் கொடைக்குப் பந்தல் கால் நாட்டிய பிறகு பங்காளிகளில் யாராவது இறந்தால் தீட்டு. கொடையை நிறுத்த வேண்டும். ஆனால் சேதி காதில் விழுந்த பிறகுதான் தீட்டு சேரும். விழாத வரைக்கும் இல்லை.

“முன்ன தந்தி வந்தா, தபால்காரர எல்லையிலயே உக்காத்தி வச்சு மோர் குடுப்பாக. இப்ப ஆளாளுக்கு மடியில தபாலாபீசு. அதான் மொத்தத்தையும் இதுல போட்டுருவோம்.”

நான் என் போனை எடுத்து நீட்டினேன்.

“நீங்க வெளியாளுல்லா, வச்சுக்கிடுங்க. அண்ணனுக்கு மேளம் கேக்க வைக்கணும்னு சொன்னிய. நாங்க தொட்டாத்தான் குத்தம்.”

அன்று முழுவதும் அவர்கள் செய்ததையெல்லாம் நானும் செய்தேன். படித்துறையில் குளித்தேன், அத்தனை வெயிலிலும் தண்ணீரில் பல் கிட்டியது. பத்து மணிக்குப் பனையோலைப் பட்டையில் பதநீர், மாங்காய்த் துண்டு போட்டு. மதியம் தாளிக்காத குழம்பு. கால் நாட்டியதிலிருந்து அந்த அடுப்புகளில் தாளிப்பு கிடையாது. சாயங்காலம் விளக்கேற்றியதும் எல்லாரும் முற்றத்தில் நிற்க, ஒவ்வொருவருக்கும் மாசானம் திருநீறு பூசினார். மறுபடி கட்டிலில் தூங்கிப்போன அந்த ஐந்து பேருக்கும் தூக்கத்திலேயே பூசினார். எனக்கு நம்பிக்கை இல்லை. நெற்றியை நீட்டினேன்.

பேச்சியம்மாள் அங்கேதான் இருந்தாள். ஒல்லியான உருவம், வெளுத்த சேலை. எனக்குச் சோறு வைத்தாள், மோர் ஊற்றினாள், “இன்னும் கொஞ்சம்” என்றாள். அண்ணனைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. கோயில் ஆற்றங்கரை மருதமரத்தடியில். வில்லுப்பாட்டு தொடங்கியிருந்தது. பொங்கல் பானைகள் வரிசையாகப் புகைந்தன. என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கணேசன்.

“சார், தனியா இருக்கீங்களா?”

வாழைத் தோப்புக்குள் போனேன்.

“அப்பா காலைல தவறிட்டாங்க சார்.”

நான் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். அவன் அழாமல் பேசினான். யாரிடமும் சொல்லக் கூடாது. அப்பாவே சொல்லி வைத்தது. குளிர்பெட்டியில் வைத்திருக்கிறார்கள். சாமக்கொடை முடிந்து விடியும்போது மாசானம் சித்தப்பாவிடம் சொல்லி, எல்லாரும் காரில் வந்தால் சனிக்கிழமை மாலை எடுக்கலாம். “உங்களுக்குக் கஷ்டம்தான் சார். அங்க வேற போன் இல்ல.”

“சரி” என்றேன்.

போனை அணைத்துப் பைக்குள் போட்டு, ஆற்றில் முகம் கழுவி, திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். இந்த அளவு என்னால் முடிந்தது. இதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

மதியக் கொடைக்கு மேளம் உச்சத்துக்குப் போனது. மாசானம் சிவப்புக் கச்சையும் சலங்கையுமாக வந்தார். சாமி வருவதற்கு முன், எல்லாரும் பார்க்க, நேராக என்னிடம் வந்தார்.

“அண்ணனுக்குப் போட்டுக் குடுங்க. கேக்கட்டும்.”

போனை எடுத்தேன். எந்த எண்ணையும் அழுத்தவில்லை. அணைந்து கிடந்த அந்தப் பொருளை மேளத்தை நோக்கித் தூக்கிப் பிடித்தேன். மாசானம் ஒரு கணம் என் கையையே பார்த்தார். பிறகு குனிந்து, ஆற்றின் அக்கரைக்கே கேட்கும்படி கத்தினார்:

“அண்ணே! கேக்குதா? ஒண்ணும் கொறையில்லண்ணே! எல்லாம் நீ வச்சபடி நடக்குது! நிம்மதியா இரு!”

அதோடு முடியும் என்று நினைத்தேன். மற்றவர்கள் வரிசையில் வந்துவிட்டார்கள். “பெரியப்பா, நான் பாஸ் பண்ணிட்டேன்!” “அத்தான், மாத்திரைய ஒழுங்கா முழுங்குங்க, மருமகள ஏசாதீங்க.” ஒரு குழந்தை வெறும் “ஆ” என்று கத்திவிட்டு ஓடியது. சிரித்தார்கள். நான் கண்ணாடித் துண்டு போல இருந்த அந்தப் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். செத்த வீட்டுக்கு நானே பந்தல் கால் போல நிற்கிறேன் என்று தோன்றியது.

கடைசியில் பேச்சியம்மாள் வந்தாள். கூட்டம் ஒதுங்கியது. பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, போனுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள்.

“அண்ணே, நாந்தான்.” மூச்சு வாங்கினாள். “நான் பேசுதேன்ணே.”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். “என்ன சொல்லுதாக?”

மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். தொடர்பு அறுந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். போனை என் காதில் வைத்து, தலையை ஆட்டி, எனக்கு இன்றும் விளங்காத ஒரு துணிச்சலில் சொன்னேன்:

“அழுகிறார். உன்னைப் பார்க்கணும், வா என்கிறார்.”

அவள் முகம் மாறியதை நான் எழுத மாட்டேன். அன்று மாலைக்குள் அவள் பையில் துணி எடுத்து வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை கோவைக்குப் போவதாக முற்றம் முழுக்கச் சொன்னாள். எனக்குச் சோறு வைக்கும்போது சிரித்தாள். “அவுகளுக்கு உளுந்தங்களி புடிக்கும். அங்க மருமகளுக்குச் செய்யத் தெரியுமா, தெரியாதா?” என்று கேட்டாள். தெரியாது என்று நினைக்கிறேன் என்றேன். அது மட்டும் உண்மை.

சாமக்கொடையை நான் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. கண் திறந்திருந்தது.

சனிக்கிழமை விடியும் நேரம் படித்துறையில் மாசானம் சலங்கையைக் கழற்றி வைத்துக் குளித்துவிட்டு ஏறினார். அவர் முன் போய் நின்றேன். வாய் திறக்கும் முன் அவரே கேட்டார்:

“எத்தன மணிக்குப் போனான்?”

“உங்களுக்குத் தெரியுமா?”

“நீங்க போன எடுத்திய, வெரலே வைக்கலையே. வெளிச்சமும் வரல. யாரும் சொல்லல, நான் கேக்கல. சாமிக்குக் கொற வைக்காம அவன்கிட்டச் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன்.” துண்டைப் பிழிந்தபடியே அழுதார்.

“தெரிஞ்சும் தங்கச்சியைப் பேச விட்டீங்களே!”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம்கூட இல்லை. அதுதான் என்னை உலுக்கியது.

“அவ ஒம்பது வருசம் கழிச்சுப் பேசுதா. பேசட்டும்னு விட்டேன். அவ பேசுனது அவளுக்கு. நீங்க பதில் சொல்லுவியன்னு நான் நெனைக்கலையே, சார்.”

அந்த நொடியில் எனக்குப் புரிந்தது. காதில் விழாததை விழாததாக வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரு எல்லை உண்டு என்பதும் தெரியும். இறந்தவன் வாயில் சொல் வைப்பது அந்த எல்லைக்கு வெளியே. அவர்களை ஏமாற்றியதாக நினைத்திருந்த நான்தான் எதுவும் தெரியாமல் உள்ளே நுழைந்து மிதித்திருக்கிறேன்.

முற்றத்தில் மாசானம் சேதியைச் சொன்னார். இறப்பைக் குறிக்கும் துட்டி என்ற அந்த ஒரு சொல் விழுந்ததும் தோரணங்களுக்குக் கீழேயே பெண்கள் மாரில் அடித்துக்கொண்டார்கள். மாவிலை இன்னும் வாடவில்லை. அதே முற்றம், அதே ஆட்கள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். பேச்சியம்மாள் அழவில்லை. கட்டிய பையைக் கையில் பிடித்தபடி வந்தாள்.

“எப்ப போனாக?”

“நேற்று காலையில்.”

“மேளத்துக்கு முன்னயா, பின்னயா?”

“முன்னால்.”

“அப்ப எனக்குப் பதில் சொன்னது யாரு?”

“நான்தான்” என்றேன். “நானாகச் சொன்னதுதான்.”

அவள் காரில் போய் ஏறினாள்.

இரண்டு கார்கள். ஆறு மணிக்குக் கிளம்பினோம். கோவை முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். திண்டுக்கல் பக்கம் தேநீருக்கு நிறுத்தியபோது நான் அவளிடம் போனேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை. நான் கிளம்பிய நாளன்று நண்பர் சொன்னதை, சொன்ன சொற்களிலேயே சொன்னேன். பேச்சி ஒரு வார்த்தை கேட்டாலும் உடனே சொல்லு, தூங்கினாலும் எழுப்பிச் சொல்லு.

அவள் தேநீர் டம்ளரை வாயிலிருந்து எடுத்தாள்.

“இது அவுக சொன்னதா?”

“அவர் சொன்னதுதான்.”

“நேத்து நான் கேட்டப்ப இதச் சொல்லியிருக்கலாமே. இது போதுமே எனக்கு.” மிச்சத் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு, “இனி இதையும் எப்பிடி நம்புவேன்?” என்றாள்.

உண்மை என் கையில் இருந்தது. அதை விட்டுப் பொய்யை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பொய், உண்மையையும் கெடுத்துவிட்டது.

பிற்பகல் ஒரு மணிக்குக் கோவை வீட்டை அடைந்தோம். கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் சுடலைமுத்து. வந்தவர்கள் எல்லாரும் விழுந்து அழுது ஓய்ந்த பிறகு பேச்சியம்மாள் போனாள். பெட்டி மேல் கையை ஊன்றி, மூடிக்கு மிக அருகே குனிந்தாள்.

“அண்ணே, நாந்தான். கேக்குதா?”

எழாமல் அப்படியே இருந்தாள். பிறகு தலையைத் திருப்பி, கூட்டத்துக்குள் என்னைத் தேடிப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை.