அம்மாவின் நெற்றியில் நான் போட்ட சிலுவை

போன வருடம் மாரி தொடங்கிய நாட்களில், நானாட்டான் பக்கம் சிஸ்டர்மார் நடத்துகிற ஒரு முதியோர் இல்லத்தில் நடந்தது இது. எனக்கு எழுபதுக்குக் கிட்ட வயது. அங்கே இருப்பது என் அம்மா. தொண்ணூறை நெருங்குகிறா.

நாங்கள் தாழ்வுபாட்டில் கடலை நம்பிச் சீவிக்கிற ஆட்கள். என் மனுசன் செத்து மோசம் போய்க் கனகாலம். மகனோடு இருக்கிறேன். மகன் கடலுக்குப் போவான், மருமகள் நண்டு பதனிடுகிற கொம்பனிக்கு வேலைக்குப் போவாள். சமையல், கருவாடு காயப்போட்டுக் காகம் கலைப்பது, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்துவது எல்லாம் என் பாடு.

அம்மாவும் எங்களோடுதான் இருந்தா. மறதி கூடக் கூட, வெயில் கொளுத்துகிற மத்தியானத்தில் கடற்கரைக்குப் போய்விடுவா. கரையில் ஏற்றி வைத்திருக்கும் வள்ளம் ஒன்றுக்குள் ஏறிக் குந்திக்கொண்டு, எங்கள் அப்பா கடலால் வரும்வரைக்கும் இறங்கமாட்டேன் என்பா. அப்பாவைப் புதைத்த இடத்தில் புல் முளைத்து எத்தனையோ மாரி போய்விட்டது. ஊர்ப் பொடியள்தான் தூக்கிக்கொண்டு வந்து விடுவார்கள். அதையெல்லாம் சமாளித்தோம். ஒரு நாள் அடுப்பு எரியும்போது, தண்ணீர் என்று நினைத்து மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்து உலையில் ஊற்றப் போய்விட்டா. சின்னப் பேரன் பக்கத்தில் இருந்தான். நான் போத்தலைப் பறித்ததால் ஒன்றும் நடக்கவில்லை. மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகுதான் பங்குச் சுவாமியிடம் சொல்லி இல்லத்தில் இடம் எடுத்தோம், மருமகளும் திரும்பி வந்தாள்.

ஞாயிறு பூசை முடிய நான் பஸ் ஏறுவேன். முதல் தடவை அம்மாவுக்கு விருப்பமான ஒரா மீன் பொரித்துக் கொண்டுபோனேன். வெளிச்சாப்பாடு கொடுக்கலாமோ என்று சிஸ்டரிடம் கேட்க எனக்குக் கூச்சம். மடிக்குள் வைத்திருந்துவிட்டு அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன். “கேட்டா என்ன மாமி, சிஸ்டர் உங்களைக் கடிச்சே போடுவா?” என்று மருமகள் சிரித்தாள்.

அம்மாவுக்கு என்னை ஆரென்று தெரியாமல் போய்விட்டது. என்னில் மீன் மணக்குதோ என்னவோ, பெரும்பாலும் என்னை மீன்காரி என்றுதான் நினைப்பா.

“இண்டைக்கு என்ன மீன் கொண்டு வந்தனீ?”

“அம்மா, நான் மீன்காரி இல்லை. உங்கட மகள்.”

“மகள் எண்டு சொன்னா விலை குறைப்பியோ?”

பக்கத்துக் கட்டிலில் பாப்பாமோட்டை ஊர் அக்கா ஒருத்தி இருந்தா. கால் வழங்காது, வாய் நல்லாக வழங்கும். “எனக்கும் ஒரு கிலோ நிறுத்து விடு பிள்ளை” என்று சத்தம் போட்டுச் சிரிப்பா. நானும் சிரிப்பேன்.

ஆனால் ஒரு விஷயம் மட்டும் அம்மாவிடம் மிச்சமிருந்தது. எங்கள் வேதக்காரர் வீடுகளில் இரவுச் செபம் முடிந்ததும் சின்னவர்கள் பெரியவர்கள் முன்னால் கைகூப்பித் தோத்திரம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் பெருவிரலால் நெற்றியில் சிலுவை போட்டு விடுவார்கள். எவ்வளவு அடி வாங்கிய நாளென்றாலும் அம்மாவின் சிலுவை இல்லாமல் நான் படுத்தது கிடையாது. நான் கலியாணம் கட்டி, பேரப்பிள்ளை கண்ட பிறகும் அது நிற்கவில்லை. இல்லத்திலும் நான் வெளிக்கிடும்போது குனிந்து, “தோத்திரம் அம்மா” என்பேன். அம்மா எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பா, அந்தக் கை மட்டும் தன்பாட்டில் எழும்பி வந்து என் நெற்றியில் சிலுவை போடும். மீன்காரி என்று நினைத்த நாளிலும் போட்டா. அது போதும் எனக்கு. திரும்பி வரும்போது பஸ்ஸில் எவ்வளவு வியர்த்தாலும் முந்தானையால் நெற்றியைத் துடைக்கமாட்டேன்.

மாரி தொடங்கியதும் பேரனுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில் கொஞ்ச நாள் அம்மாவிடம் போகக் கிடைக்கவில்லை. அவனுக்குச் சுகமான பிறகு போனேன். நல்ல மழை. உள்ளே போனால் அம்மாவின் கட்டிலில் வேறு ஆரோ இருக்கிற மாதிரி இருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் அம்மாதான். பேன் விழுந்ததென்று தலைமயிரைக் கட்டையாக வெட்டிவிட்டார்கள். கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, கோயிலில் முதல் நன்மை எடுக்கப் போகிற சின்னப்பிள்ளை மாதிரி இருந்தா.

அன்றைக்கு மீன் கேட்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தா. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம், அடையாளம் பிடித்துவிட்டாவோ என்று. விரல் நகம் வெட்டி விட்டேன். பேரனின் காய்ச்சலைப் பற்றிச் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாக, எழும்பிக் குனிந்து, “தோத்திரம் அம்மா” என்றேன்.

கை எழும்பவில்லை.

இன்னொரு தரம் சொன்னேன். அம்மா மெல்லக் கட்டிலால் இறங்கினா. என் முன்னால் நின்று, இரண்டு கைகளையும் கூப்பி, “தோத்திரம் அம்மா” என்றா.

நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லுகிறா என்றுதான் நினைத்தேன். “நீங்கள் எனக்குச் சொல்லக்கூடாது அம்மா. நான்தான் உங்களுக்குச் சொல்லோணும்.”

“செபம் முடிஞ்சுது தானே? சிலுவையைப் போடுங்கோவன். எனக்கு நித்திரை வருது.”

“அம்மா, நான் உங்கட மூத்த மகள்.”

“எனக்கு எங்கால மகள்? நான் இன்னும் கலியாணமே கட்டேல்ல.”

பாப்பாமோட்டை அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கேட்டியளோ, குமர்ப்பிள்ளையாம்! மாப்பிள்ளை பாருங்கோ!”

எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது. வாழ்க்கையில் ஆரோடும் சத்தம் போட்டுக் கதைக்காதவள் நான். அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து என் நெற்றியில் வைத்து அழுத்தினேன். போடுங்கோ, போடுங்கோ என்றேன். அந்த விரல் ஈரத்துணி மாதிரிக் கிடந்தது. அம்மா பயந்து கையைப் பறித்துக்கொண்டு, முகத்தைப் பொத்தி அழத் தொடங்கினா.

“அடிக்காதேங்கோ அம்மா. நான் இனி கடற்கரைக்குப் போகமாட்டன். சத்தியமாப் போகமாட்டன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அங்கே மகளும் இல்லை, மீன்காரியும் இல்லை. அம்மாவுக்கு நான் அவவின் அம்மா.

பாப்பாமோட்டை அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டா. “போட்டு விடன் பிள்ளை. பாவம், பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறா.”

போட்டு விடுவது லேசான காரியம் இல்லை. எங்கள் ஆட்களில் பிள்ளைகள் தாய் தகப்பனுக்குச் சிலுவை போடுகிற நேரம் ஒன்றே ஒன்றுதான். சவப்பெட்டியை மூட முன்னம், கடைசியாக முகம் பார்க்கும்போது. அப்பாவுக்கு நான் அப்படிப் போட்டிருக்கிறேன். அந்த நெற்றியின் குளிர் இன்றைக்கும் என் விரலில் இருக்கிறது. உயிரோடு நின்று அழுகிற அம்மாவுக்கு அதை எப்படிப் போடுவது? ஆண்டவரே, ஆராவது வந்து என்னை அந்தப் பக்கம் கூப்பிடமாட்டார்களா என்று வாசலைப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அம்மா திரும்பவும் கை கூப்பி விக்கிக்கொண்டு நின்றா.

போட்டேன். அம்மாவின் நெற்றி நல்ல சூடாக இருந்தது.

உடனே அழுகை நின்றுவிட்டது. கட்டிலில் ஏறி, என் பக்கம் முதுகைக் காட்டிச் சுருண்டு படுத்தா. “லைட்டை நூர்த்து விடுங்கோ அம்மா” என்றா. பட்டப்பகல். லைட் ஒன்றும் எரியவில்லை. நான் போய் யன்னல் சீலையை இழுத்து விட்டேன்.

வெளியில் மழைக்குள் நின்றுகொண்டே ஒரு பஸ்ஸை விட்டுவிட்டேன். அது போன பிறகுதான் பஸ் என்று தெரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் மருமகள் துவாய் தந்து, “அம்மம்மா எப்பிடி இருக்கிறா மாமி?” என்று கேட்டாள். சுகமாக இருக்கிறா என்றேன். மீன் கிடந்தது, வெட்டினேன். செபம் சொன்னோம். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தோத்திரம் சொன்னார்கள், சிலுவை போட்டேன். மகனும் வந்தான், மருமகளும் வந்தாள். எல்லோரும் எழும்பிப் போய்விட்டார்கள். நான் அப்படியே பாயில் முழங்காலில் இருந்தேன். என்னிலும் பெரியவர் என்று சொல்ல அந்த வீட்டில் ஒருவரும் இல்லை.

இப்போதும் போகிறேன். போனால் அம்மா எழும்பி மரியாதையாக நிற்பா. “சாப்பிட்டியோ பிள்ளை? சிஸ்டர் சொல்லுற சொல்லுக் கேக்கோணும்” என்று சொல்லிப் பழகிவிட்டேன். முதல் நாள் அம்மாவை ‘பிள்ளை’ என்று கூப்பிட நாக்கு எழும்பவில்லை. இப்போது எழும்புகிறது. அதுதான் எனக்குப் பெரிய துக்கம். வெளிக்கிடும்போது குனிவதில்லை. நின்றபடியே சிலுவை போட்டுவிட்டு வருகிறேன், அம்மா நிம்மதியாகப் படுத்துக்கொள்கிறா.

சிஸ்டர் ஒரு நாள், “நீங்கள் வந்து போனா அம்மா நல்ல அமைதி” என்று சொன்னா. நானும் தலையை ஆட்டினேன். அம்மா உயிரோடு இருக்கிறா, கடவுளுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் எனக்குத் தாய் இல்லாமல் போய்விட்டது, செத்த வீடு ஒன்றும் நடக்காதபடியால் அதற்காக அழவும் எனக்கு ஒரு நாள் கிடைக்கவில்லை, துக்கம் கேட்டு ஒருவரும் வரவுமில்லை.