வெறும் வயிற்றில் ஆகிரி

என் கணவர் இறந்த பிறகு பாட்டு வகுப்பைப் பாடாமலே நடத்தப் பழகிக்கொண்டேன். குரலைப் பதப்படுத்த முதலில் பாடுவது வர்ணம். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று போவது கீர்த்தனை. கச்சேரி முடியப்போகும்போது தில்லானா. எல்லாவற்றையும் காய்கறி விலை சொல்வதுபோல் சொன்னேன். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அவர் செத்ததையும் அதே குரலில்தான் சொன்னேன். அழுகை வரவில்லை. "கல்லு மாதிரி ஒக்காந்திருக்கா" என்று நாத்தனார் என் காதுபடவே சொன்னாள். கடைசிவரைக்கும் அழாமலே இருந்துவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது.

அன்று காலை, என்னிடம் பாட்டுக் கற்றுக்கொள்ளும் நர்ஸ் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தாள். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த களைப்பிலும் கேள்விக்குக் குறைச்சல் இல்லை.

"ராகம்னா ஸ்வரம் ஏறி எறங்கறதுதானக்கா?"

"ஏறினா ஆரோகணம், எறங்கினா அவரோகணம். அது வெறும் எலும்பு. எந்த ஸ்வரத்த எப்படி அசைக்கற, எங்க நிக்கற, அதெல்லாம் சேந்தாதான் ராகம்."

"சோகத்துக்கு எந்த ராகம்க்கா?"

"முகாரினு சொல்லுவாங்க. ஆகிரியில இன்னும் ஜாஸ்தி."

"அத கொஞ்சம் பாடிக் காட்டுங்களேன்."

ஆகிரியைக் காலையில் வெறும் வயிற்றில் பாடினால் அன்றைக்குச் சோறு கிடைக்காது என்று பாட்டுக்காரர்கள் சொல்வார்கள். முன்பென்றால் மாட்டேன் என்றிருப்பேன். சோறு கிடைத்தால் என்ன, கிடைக்காவிட்டால் என்ன என்றிருந்தது. ஆகிரிக் கீர்த்தனை ஒன்றைப் பாடினேன்.

சுருதி விலகவில்லை. ஸ்வரங்களை அசைக்கும் கமகமெல்லாம் சுத்தமாக விழுந்தது. எனக்குள் ஒன்றும் அசையவில்லை. நர்ஸ்தான் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவளுக்கு மட்டும் எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது?

அனுபல்லவி முடிந்ததும் நின்றுவிட்டேன்.

"மறந்துட்டீங்களாக்கா?"

மறக்கவில்லை. எதற்கோ காத்திருந்தேன். கண் அடுப்படிப் பக்கம் போன பிறகுதான் எதற்கென்று தெரிந்தது. பாட்டுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் இந்த ஒரு ராகத்தை மட்டும் கண்டுபிடித்துவிடுவார். காலையில் வேண்டுமென்றே அதை எடுத்து அவரைச் சீண்டுவேன். தட்டோடு ஓடிவந்து, "நிறுத்துடி. ரெண்டு இட்லி உள்ள போவட்டும், அப்புறம் எத வேணா பாடு" என்று ஒரு விள்ளலை என் வாயில் திணிப்பார். ஒருநாளும் என்னைச் சரணம் வரைக்கும் விட்டதில்லை.

அன்று தடுக்க ஆளில்லை. சரணத்தை எடுக்க வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.